வாசற்படிக்கு அங்கிட்டு

வண்டிப்பெரியாரைச் சுற்றித் தேயிலை போட்டவர்கள் காட்டை மொட்டையடித்துவிட்டுப் போட்டார்கள். ஏலச்செடிக்கு அது ஆகாது. அதற்கு நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், தலைக்கு மேலே பெருங்காடு அப்படியே நிற்க வேண்டும். அதனால் ஏலத்தோட்டத்துக் கூலிக்கு வெயில் என்பது மரங்கள் தின்று மிச்சம் வைத்தது. ஆனியில் மழை பிடித்துவிட்டால் அதுவும் கிடையாது. மூடுபனி மேட்டிலிருந்து இறங்கி கூலிகளின் வரிசைக் குடியிருப்பான லயத்துக்குள் நுழைந்து, கூப்பிடாத விருந்தாளி மாதிரி மாசக்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். விறகு நனையும், உப்பு கரையும், துவைத்த சேலை காயாது.

அந்த லயத்தின் கடைசி அறையில் செபமாலையம்மாள் தன் மகள் அன்னாளை நாலு வருஷமாக வாசற்படி தாண்டவிடாமல் வளர்த்து வந்தாள். கேட்கிற யாருக்கும் கோபம் வரும். எனக்கும்தான் வருகிறது. ஆனால் அவள் பிள்ளையை வெறுத்தவள் இல்லை. அந்த லயத்தில் வேறு எந்தப் பிள்ளையின் தலையும் தினமும் எண்ணெய் கண்டதில்லை. அன்னாளின் முடி இடுப்புக்குக் கீழே தொங்கியது. பிறந்ததிலிருந்து கத்தி படாத முடி. எல்லாம் அந்த முடியால் வந்த வினை.

அன்னாளுக்கு முன்னால் ஒரு பையன் இருந்தான், கபிரியேல். ஏலக்காய் எடுப்பு குனிந்தும் உட்கார்ந்தும் செய்கிற வேலை. காய் செடியின் உச்சியில் காய்க்காது. தூரிலிருந்து சரம் சரமாகக் கிளம்பி மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். பெண்கள் செடிக்குச் செடி தவழ்ந்து போய், பழுத்த காயாகப் பார்த்து நகத்தால் கிள்ளிக் கூடையில் போட வேண்டும். கைப்பிள்ளைக்காரிகள் ஏதாவது ஒரு கிளையில் சேலைத் தொட்டில் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு நகர்வார்கள். கபிரியேலும் அப்படித்தான் தொங்கினான். ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. தவழக் கற்றுக்கொண்ட பிள்ளை தவழ்ந்து முடிக்கவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு மேட்டில் புதைத்து, மரச்சிலுவை நட்டார்கள். காட்டுக்காற்று பட்டதால்தான் போனான் என்றார்கள் பெண்கள். சொல்லிவிட்டு அவர்களும் அதே காட்டில்தான் தொட்டில் கட்டினார்கள், வேறு இடம் ஏது?

அடுத்தது வயிற்றில் இருக்கும்போது செபமாலை வானதூதர் மிக்கேல் சம்மனசின் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டாள். இந்தப் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தால், கீழே கம்பம் பக்கம் தன் பிறந்த ஊர்க் கோயிலில் சம்மனசு திருநாளன்று முடி இறக்குவது என்றும், அதுவரைக்கும் பிள்ளையின் கால் வாசற்படி தாண்டாது, இந்த மலையின் மண்ணில் படாது என்றும் நேர்ச்சை. ஒரு வருஷத்துக் காரியம் என்றுதான் நினைத்தாள்.

ஆனால் மிக்கேல் சம்மனசுக்குத் திருநாள் புரட்டாசியில். ஏலச்செடிக்கும் திருநாள் புரட்டாசியில்தான். பிள்ளைக்கு ஒரு வயசான வருஷம் விடுப்புக் கேட்டபோது கங்காணி சங்கையா, “காய் எடுப்புல அவதி கேக்குறியே, ஒனக்கு மண்டைல களிமண்ணா?” என்று விரட்டிவிட்டார். அடுத்த வருஷம் அந்தப் பெருவெள்ளம். கீழே இறங்குகிற பாதையே மலையோடு சேர்ந்து போய்விட்டது. அதற்கு அடுத்த வருஷம் பள்ளத்தாக்கு முழுக்கப் பேதி. முடி வளர்ந்தது, பிள்ளை வளர்ந்தாள், நேர்ச்சையும் கூடவே வளர்ந்தது.

பக்கத்து அறைக் கத்தரீனாள் கால் விளங்காதவள், வேலைக்குப் போகாமல் லயத்திலேயே இருப்பவள். மத்தியானம் கதவைத் திறந்து அன்னாளுக்குக் கஞ்சி ஊற்றுவது அவள்தான்.

“கோயில் சாமியார்ட்ட ஒரு வார்த்த கேளு மதினி,” என்று அவள் எத்தனையோ தடவை சொன்னாள். “அவுக நெனச்சா நேர்ச்சைய மாத்திக் குடுத்துருவாகளாம்.”

“சாமியார் மாத்துவாரு. சம்மனசு ஒத்துக்கிருவாரா? அவர் கைல வாள் இருக்கு கத்தரீனா.”

அதற்குமேல் யார் என்ன பேச முடியும்?

நாலு வயசு முடிந்தும் அன்னாள் பேசவில்லை. அம்மா, அப்பா கூட வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவாள், கஞ்சியைக் காட்டினால் வாயைத் திறப்பாள், அவ்வளவுதான். மற்றப் பிள்ளைகள் முற்றத்துச் சேற்றில் கோழியோடு உருண்டு, பேச்சு வருமுன்னே கோழியை விரட்டக் கற்றுக்கொண்டார்கள்.

கோயிலுக்குப் பதிலாக இருந்த மாதாக் கொட்டகையில், வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் மணல் பரப்பிப் பெரிய பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். தன் மகளையும் அங்கே உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்று அன்னாளின் தகப்பன் சுவக்கீனுக்குக் கொள்ளை ஆசை. உபதேசியார் ஒருநாள் வாசலில் நின்று பிள்ளையைப் பார்த்தார். நல்ல மனுஷர், மனசு கஷ்டப்பட்டுத்தான் சொன்னார்.

“எழுத்து நான் சொல்லித் தாரேன் சுவக்கீனு. ஆடுன்னு எழுதிக் காட்டுனா, ஆடுன்னா என்னன்னு பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கணுமேப்பா.”

அந்த வருஷம் வைகாசி கடைசியில் பொதிமாட்டுக்காரன் மூலமாகச் செபமாலையின் அண்ணன் சொல்லியனுப்பினான். திருநாளுக்குக் கட்டாயம் வரவேண்டும். முடி இறக்கியும் பிள்ளைக்கு வாய் வரவில்லையென்றால் மதுரையில் கன்னியர் மடம் இருக்கிறது, ஊமைப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள், கூட்டிப்போய் விட்டுவிடலாம். சங்கையாவும் அதிசயமாகத் தலையாட்டினார்.

“போயிட்டு வாங்க. பேசாத பிள்ளைய வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் பாதி வேல பாக்குறதுக்கு, விட்டுட்டு வந்து முழு வேல பாருங்க.”

செபமாலை அழுதாள், பிறகு சரி என்றாள். சுவக்கீன் கையிலிருந்த கஞ்சிச் சட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து போனான்.

ஆடியில் முதல் காய் எடுப்பு தொடங்கியதும் அவனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஸ்டோர் என்பது பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பி, கீழே விறகு எரித்து உலர்த்துகிற கட்டடம். தீ கூடினால் காய் வெடித்துப்போகும், குறைந்தால் வெளுத்துப்போகும். இராத்திரி முழுக்க அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு, செபமாலை கூடையோடு கிளம்புகிற நேரத்துக்கு அவன் கண் சிவந்து வீட்டுக்கு வருவான். அப்படித்தான் தன் மகளின் பகலை முதல் தடவையாகப் பார்த்தான்.

கதவை மூடிவிட்டால் அறைக்குள் இருட்டு. ஈத்தை மூங்கில் தட்டிச் சுவரில் ஒரு ஓட்டை. வெயில் எட்டிப் பார்க்கிற அபூர்வ நாளில் அதன் வழியாக ஒரு துண்டு வெளிச்சம் தரையில் விழும். படுத்திருந்தவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிள்ளை வெளிச்சத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அது நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள். கையை அதில் வைத்தாள், வெளிச்சம் கைமேல் ஏறிக்கொண்டது. கையை எடுத்தாள், தரைக்கு இறங்கியது. எத்தனை தடவை செய்தாளோ. மேகம் மூடி வெளிச்சம் அணைந்ததும் அது இருந்த இடத்தைத் தடவித் தடவித் தேடினாள். பிறகு முட்டியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

சுவக்கீன் எழுந்து வெளியே வந்தான்.

“கத்தரீனா, இவ பகலெல்லாம் என்ன செய்வா?”

“என்ன செய்வா அண்ணே, இருப்பா.”

“இருப்பான்னா?”

“இருப்பா. நான் கஞ்சி ஊத்தப் போகையில எந்த எடத்துல இருந்தாளோ அந்த எடத்துலயே இருப்பா. அழுகக்கூட மாட்டா. அழுதா யாராச்சும் வருவாகன்னு தெரிஞ்சாத்தான அழுகும் பிள்ள.”

“நாலு வருசமாவா?”

“நாலு வருசமாத்தான். ஒங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியுதா?”

அவன் அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதான். ஆண்பிள்ளை அழுவதைக் கத்தரீனாள் பார்க்காத மாதிரி முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் ஸ்டோரிலிருந்து வரும்போது மடியில் ஒரு பச்சைக்காய் கொண்டுவந்தான். தெரிந்தால் சங்கையா முதுகுத் தோலை உரித்துவிடுவார். நகத்தால் பிளந்து பிள்ளையின் மூக்கில் காட்டினான். அவள் தலையைப் பின்னுக்கு இழுத்தாள், பிறகு தானே மூக்கைக் கொண்டுவந்தாள்.

“காய்,” என்றான். “ஏலக்காய். காய்.”

அவன் வாயையே பார்த்தாள்.

அதற்குப் பிறகு தினமும் ஏதாவது ஒன்று. கோழி இறகு. ஓடைக் கூழாங்கல். அத்திப்பழம், அதைப் பிட்டு உள்ளே ஓடுகிற பூச்சி. இலையில் சுருட்டின அட்டை. ஒருநாள் மழைத்தவளை ஒன்றைப் பிடித்துவந்து தரையில் விட்டான். அது தாவியதும் அன்னாள் வீல் என்று கத்தினாள். நாலு வருஷத்தில் அப்படி ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்ததில்லை. சுவக்கீன் சிரித்தான், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். பிள்ளை தவளையைத் தேடி மூலை மூலையாகப் போனாள்.

சாயங்காலம் நனைந்து வந்த செபமாலை அறையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“காட்டையே அள்ளிட்டு வந்து வீட்டுக்குள்ள கொட்டுறீகளே! எதுக்குப் பிள்ளைய உள்ள வச்சிருக்கேன்?”

“கால் வெளிய போகலையே. காடுதான உள்ள வந்திருக்கு.”

“சம்மனசுகிட்ட வக்கீல் பேச்சு பேசாதீக.” எல்லாவற்றையும் கூட்டி வாரி வெளியே எறிந்தாள். அன்னாள் கதவு வரைக்கும் போய், எறிந்த திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பார்வைதான் சுவக்கீனைக் கெடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் செபமாலை வேலைக்குப் போனதும் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்தான், தலையில் கம்பளிக் கொங்காணியைப் போட்டு மூடினான், வாசற்படியைத் தாண்டினான். பிள்ளையின் கால்தானே மண்ணில் படக்கூடாது. தாண்டியது தன் கால் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

“அண்ணே!” என்றாள் கத்தரீனாள்.

“நீ ஒண்ணும் பாக்கலை.”

“நான் ஒண்ணும் பாக்கலை. வெரசா வாங்க.”

எப்போதும் ஒரே பாதை. லயத்து முனையில் செவலை நாய். அதைத் தாண்டி அத்திமரம். பிறகு அந்த மேடு, சிலுவை. பிறகு ஓடை, ஓடைக்கு மேலே மரம் தள்ளிப் போட்ட பாலம். ஒவ்வொன்றின் முன்னாலும் நிற்பான், பேரைச் சொல்வான், பிள்ளையின் கையைப் பிடித்துத் தொடவைப்பான். கிளம்பும்போது, “அங்கிட்டு என்ன?” என்று கேட்பான். பதில் வராது. தானே சொல்லிக்கொள்வான்.

“இது செவலை. நாயி. நக்குறான் பாரு, ஒண்ணும் செய்யமாட்டான். அங்கிட்டு என்ன? அத்திமரம். தடவு, தடவிப் பாரு, எம்புட்டுப் பெருசு. அங்கிட்டு என்ன?”

மேட்டில் முதல் நாள் நிற்காமல்தான் போகப் பார்த்தான். பிள்ளை சிலுவையைப் பார்த்துக் கையை நீட்டினாள். எதையும் விடக்கூடாது என்று நினைத்தவன் இதை மட்டும் எப்படி விடுவது? குனிந்து காட்டினான்.

“இது அண்ணன். கபிரியேல் அண்ணன். தூங்குறான்.”

பாலத்தில் திரும்பிவிடுவான். அக்கரையில் ஸ்டோர், மரங்களுக்கிடையே அதன் புகை மட்டும் தெரியும். சங்கையா அங்கேதான் நிற்பார். பிள்ளை புகையையே பார்த்து அவன் தலைமுடியை இழுப்பாள்.

“அங்கிட்டுப் பொறவு போவோம் தாயி. பொறவு போவோம்.”

ஆடி போய் ஆவணியும் பாதி போய்விட்டது. தூக்கம் கெட்டு அவன் கன்னம் ஒட்டிப்போயிற்று. பிள்ளை எல்லாவற்றையும் பார்த்தாள், தொட்டாள், முகர்ந்தாள். செவலையைக் கண்டால் காலை ஆட்டினாள். ஆனால் வாயிலிருந்து ஒரு சொல் விழவில்லை. பாலத்தில் நின்றுகொண்டு ஒருநாள் கெஞ்சினான், “ஒண்ணு சொல்லு தாயி, ஒரே ஒரு வார்த்தை. ஒன்னைய விட்டுட்டு வந்துருவாக.” அவள் அவன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். புரட்டாசி கிட்டே வந்துகொண்டிருந்தது.

செபமாலைக்குத் தெரிந்தது அட்டையால். ஒரு சாயங்காலம் தலை சீவ உட்காரவைத்தபோது பிள்ளையின் கால் விரலிடுக்கில் இரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது. மலையில் இருக்கிறவளுக்கு அட்டை கடித்த புண்ணைத் தெரியாதா? சீப்பைக் கீழே போட்டாள்.

“வெளிய கூட்டிட்டுப் போனீகளா?”

சுவக்கீன் ஸ்டோருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

“போனேன்.”

“எத்தன தடவ?”

“தினமும்.”

“ஒரு பிள்ளைய அந்தக் காட்டுக்குக் குடுத்தது பத்தலையா ஒங்களுக்கு? இன்னும் கொஞ்ச நாள். கொஞ்ச நாள் பொறுத்தா நேர்ச்ச முடிஞ்சிருக்கும்.”

“முடிஞ்சா? முடிஞ்சா மடத்துல கொண்டுபோய் விட்டுருவ. அதுக்காகவா நேந்த?”

“உசிரோட இருக்கும்ல. எங்கயாவது உசிரோட இருக்கும்ல!”

“வாய் தொறக்கணும்னா கண்ணுல ஏதாவது படணும் செபமாலை. நாலு வருசமா அவளுக்குச் சொல்லுறதுக்கு என்ன இருந்துச்சு? என்னத்தச் சொல்லுவா? சுவரு, சுவரு, சுவருன்னா?”

“இப்பக் காட்டுனீகள்ல. நாயக் காட்டுனீக, மரத்தக் காட்டுனீக. தொறந்தாளா?”

அவன் கம்பளியை எடுத்து உதறினான்.

“சொல்லுங்க, தொறந்தாளா?”

“இல்ல.”

“பெறகென்ன.” அவள் பிள்ளையை மடியில் போட்டு, சுண்ணாம்பை எடுத்து அந்தப் புண்ணில் அழுத்தினாள். 

மறுநாள் நாதாங்கியில் பூட்டு தொங்கியது, சாவி செபமாலையின் இடுப்பில் போயிற்று. மத்தியானக் கஞ்சியையும் காலையிலேயே உள்ளே வைத்துவிட்டுப் போனாள். சுவக்கீன் வெளியே சுவரோரம் மழையில் உட்கார்ந்து அந்த ஓட்டை வழியாகப் பேசினான். “இப்ப செவலை வந்திருக்கான். வாலை ஆட்டுறான். மழ பெய்யுது தாயி. அங்கிட்டு என்ன?” உள்ளேயிருந்து ஒரு விரல் ஓட்டைக்கு வந்தது. அவன் அதைப் பிடித்துக்கொண்டே அப்படியே தூங்கிப்போனான். கத்தரீனாள் அவன்மேல் ஒரு சாக்கை எடுத்துப் போட்டாள்.

ஆவணி கடைசியில் காய்ச்சல் வந்தது. முதலில் குளிர், பல் கிட்டும் குளிர், பிறகு கொதிப்பு. மலைக்காய்ச்சல் கூரை ஒழுகுவதைப் போல் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கும் வரும், பூட்டின வீட்டுக்கும் வரும். ஆனால் அதைச் செபமாலையிடம் யார் சொல்வது? தோட்டத்துக் கணக்கெழுதுகிற ரைட்டர் காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினாத் தூளைக் கருப்பட்டியில் குழைத்து ஊட்டினாள், பிள்ளை வாந்தியெடுத்தாள்.

“பாத்தீகளா,” என்றாள் புருஷனிடம். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. “சம்மனசு கணக்குத் தீக்க வந்துட்டாரு.”

காய் குவிந்துகொண்டிருந்த நேரம். ஸ்டோரில் பகலிலும் அடுப்பு எரிந்தது. சுவக்கீன் சங்கையாவின் முன்னால் கைகட்டி நின்றான்.

“இன்னைக்கு ஒருநா விடுங்க அய்யா. பிள்ளைக்கு ரொம்பச் சொகமில்ல.”

“ஒன் பொண்டாட்டி வேலைக்கு வரலைல்ல? அவ பாக்கட்டும். தீ எறங்குனா தட்டு பூராவும் வெளுத்துப்போகும்லே, தொரைக்கு நான் பதில் சொல்லணும். போ, போய் வெறகத் தள்ளு.”

அவன் போனான். போகாமல் என்ன செய்ய முடியும்?

மத்தியானத்துக்கு மேல் மழை அடித்து ஊற்றியது. அறையில் செபமாலையும் பிள்ளையும் மட்டும். பிள்ளையின் கண் பாதி திறந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. செபமாலை ஈரத்துணியை நெற்றியில் மாற்றிப் போட்டுக்கொண்டு மந்திரமாலையை உருட்டினாள். உதடு மட்டும் அசைந்தது, மனசு அதில் இல்லை.

“செவலை.”

செபமாலை திரும்பிப் பார்த்தாள். கதவு மூடியிருந்தது. கத்தரீனாள்தான் வெளியே நாயைக் கூப்பிடுகிறாளோ?

“செவலை. நாயி. நக்குறான்.”

பிள்ளையின் உதடு. காய்ந்து வெடித்த உதடு அசைந்துகொண்டிருந்தது.

“ஒண்ணும் செய்யமாட்டான்,” என்றாள் அன்னாள். குரல் கரகரவென்று, புழங்காத கதவு திறக்கிற மாதிரி வந்தது. “அங்கிட்டு என்ன? அத்திமரம். தடவு. எம்புட்டுப் பெருசு.”

மந்திரமாலை செபமாலையின் கையிலிருந்து விழுந்தது. மகளின் குரல் எப்படி இருக்கும் என்று நாலு வருஷமாக நினைத்து நினைத்துப் பார்த்தவள். இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை.

“அன்னாளு? அம்மாவப் பாரு, அம்மாவப் பாரு கண்ணு…”

பிள்ளை பார்க்கவில்லை. அவள் பாதையில் போய்க்கொண்டிருந்தாள்.

“அங்கிட்டு என்ன? அண்ணன்.”

செபமாலை குனிந்து அந்த உதட்டருகே காதை வைத்தாள்.

“கபிரியேல் அண்ணன். தூங்குறான்.”

புதைத்த அன்றைக்குப் பிறகு அந்த மேட்டுப்பக்கம் செபமாலை போனதே இல்லை. தண்ணீருக்குக்கூடச் சுற்றுவழியில்தான் போவாள். அவன் பேரை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை, அவளும் எடுக்கவிடுவதில்லை. இப்போது அந்தப் பேர் பிள்ளையின் வாயிலிருந்து, சண்டையோ பயமோ இல்லாமல், நாயைப் போல மரத்தைப் போல ஒன்றாக வந்து விழுந்தது. செபமாலை வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழுதாள். நேர்ச்சையால் எதைக் காப்பாற்றினேன், நாலு வருஷம் இவளிடமிருந்து எதைப் பறித்தேன் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஓடை. சலசலங்குது. அங்கிட்டு என்ன? பாலம்.” பிள்ளை நிறுத்தினாள். மறுபடி, “பாலம். அங்கிட்டு என்ன?”

“என்ன கண்ணு? சொல்லு, அங்கிட்டு என்ன?”

“அங்கிட்டு என்ன?” உடம்பு வில்லாக வளைந்தது. “அங்கிட்டு என்ன? பொறவு போவோம். பொறவு போவோம். பொறவு போவோம்.”

கத்தரீனாள் சத்தம் கேட்டுக் காலை இழுத்துக்கொண்டு கதவைத் திறந்தபோது செபமாலை பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“மதினி! எங்க போறீக இந்த மழைல?”

“இவ அப்பா கிட்ட.”

“வாசப்படி மதினி… நேர்ச்ச…”

“பாத்துக்கிரலாம்,” என்று சொல்லிக்கொண்டே செபமாலை தாண்டினாள்.

மழையில் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. லயத்து முனையில் செவலை சுருண்டு கிடந்தது. “செவலை,” என்றாள் செபமாலை, பிள்ளையின் காதில். அத்திமரம் வந்தது. “அத்திமரம்.” பிள்ளை முனகினாள். மேட்டருகே வந்ததும் கால் தானாகச் சுற்றுவழிக்குத் திரும்பப் பார்த்தது. நின்றாள். சிலுவை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, யாரோ அதன் அடியில் கூழாங்கற்களை வைத்திருந்தார்கள். யாரோ என்ன, யாரென்று தெரியாதா?

“அண்ணன்,” என்று சொன்னாள். சொல்ல முடிந்தது. “கபிரியேல் அண்ணன் கண்ணு.”

ஓடை பாலத்தை முட்டிக்கொண்டு ஓடியது. வழுக்கல் மரத்தில் ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிள்ளை பாலத்தின் நடுவில், “அங்கிட்டு என்ன?” என்றாள், இந்தத் தடவை மெதுவாக, மூச்சுக்குள்ளே. அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

“அன்னாளு. இந்தா பாலம் தாண்டிட்டோம். அன்னாளு, இது ஏலச்செடி. இது சரம். இதுதான் அம்மா கிள்ளுறது. இது பாற. இது பொக, அப்பா போட்ட தீயில இருந்து வருது.” அந்தக் காட்டில் தான் நாள் முழுக்கத் தவழ்ந்து பார்த்த ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே ஏறினாள். நாலு வருஷத்துக் கடனை ஒரு மேட்டில் அடைத்துவிடப் பார்க்கிறவளுக்கு மூச்சு எங்கே இருக்கும்? “இது மழ. மழ கண்ணு. மழ.”

ஸ்டோர்க் கதவில் சங்கையா நின்றார். “ஏய், எங்க வார, பிள்ளையத் தூக்கிட்டு…” என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து ஒதுங்கினார். உள்ளே அனல் அடித்தது. கரி அப்பின முகத்தோடு சுவக்கீன் அடுப்பிலிருந்து திரும்பினான். மனைவியின் தோளில், தொங்குகிற அந்தப் பெரிய முடியைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த விறகு விழுந்தது.

“போயிட்டாளா?”

“இல்ல.” அவள் பிள்ளையை அவன் கையில் போட்டாள். “இல்ல, இந்தா மூச்சு சுடுது பாருங்க. பேசுனா. எல்லாம் சொன்னா, செவலை, அத்திமரம், அண்ணன், எல்லாம் சொன்னா. பாலத்துக்கு அங்கிட்டு என்னன்னு கேக்கா. எனக்கு என்ன சொல்லணும்னு தெரியலை. நீங்க சொல்லுங்க.”

 அந்தக் காட்டில் எல்லாவற்றுக்கும் பேர் சொல்லிக் கொடுத்தவனுக்கு அப்போது ஒரு பேரும் வாயில் வரவில்லை.

“சொல்லுங்க!” என்று செபமாலை அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். “கேட்டுக்கிட்டே இருக்கா. சொல்லுங்க!”

அவன் பிள்ளையை அடுப்பின் பக்கம் திருப்பி, பாதி மூடின கண்ணுக்கு நேராகப் பிடித்தான்.

“தீ,” என்றான். “இது தீ தாயி. காய் காயுது.”

இரண்டு பேரும் அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.